சபா மழைக்காட்டுக்கும் கினபாலு மலைக்கும் குழுவாகப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

போர்னியோ தீவில் உள்ள மலேசியாவின் சபா மாநிலத்துக்குக் குழுக்களை அழைத்துப் போவது என் வேலை. முதலில் கினபாத்தாங்கான் ஆற்றங்கரைக் காட்டில் தன்னார்வப் பணி, அதன் பிறகு கினபாலு மலை ஏற்றம். அடுத்த பருவத்துக்குக் கிளம்ப நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி, கோவை: அக்கா, ஒரு வாரம் வந்து மரம் நட்டுவிட்டுப் போவதால் அந்தக் காட்டுக்கு உண்மையிலேயே பயன் உண்டா? ஊர்க்காரர்களுக்குச் சுமையாகிவிடுவோமோ என்று தயக்கமாக இருக்கிறது.

இந்தத் தயக்கம் இருப்பவர்கள்தான் வரவேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கினபாத்தாங்கான் சபாவின் மிக நீளமான ஆறு, 560 கிலோமீட்டர். அதன் கீழ்ப்பகுதிச் சமவெளியில் முதலில் மரம் வெட்டினார்கள், பிறகு செம்பனை (பாமாயில் எடுக்கும் மரம்) வந்தது. மிஞ்சிய காட்டில் ஏறக்குறைய 26,000 ஹெக்டேரை 2005இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அது ஒரே காடாக இல்லை, பத்துத் துண்டுகள். சில இடங்களில் ஆற்றுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் நடுவே ஒரு பட்டை மட்டும்தான் காடு. யானையும் ஒராங் ஊத்தானும் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி வேண்டும். மரம் நடுவது அந்த வழியை மறுபடி உண்டாக்கத்தான்.

வருகிறவர்கள் எல்லாருக்கும் நடுவதற்குத்தான் ஆசை. நட்ட கன்றைக் கொல்வது பெரும்பாலும் களை. ஆள் உயரப் புல் வெயிலை மறைத்துவிடும், கொடி ஏறிக் கழுத்தைச் சுற்றி இழுத்து வளைத்துவிடும். போன முறை நட்ட இடத்துக்கு நீங்கள் போனால் கன்று கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் ஊன்றிய குச்சியைத் தேடிக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குப் புல்லைக் கையாலேயே விலக்க வேண்டும். பாராங்கத்தியை அதற்கு அப்பால்தான் வீசலாம். அவசரத்தில் வீசினால் புல்லோடு கன்றும் போய்விடும். கொடியை மேலிருந்து இழுத்தால் கொழுந்து ஒடியும். அடியில் அறுத்துவிட்டு அப்படியே காயவிட வேண்டும். முதல் இரண்டு வருடமாவது இதைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது மரமாகும். லாரான் போன்றவை வேகமாக வளரும் (நம் ஊர்க் கடம்புதான் அது). அவை நிழல் கட்டிவிட்டால் புல் தானாகக் குறையும்.

ஆகவே ஏற்பாட்டாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: நாங்கள் வராத மாதங்களில் இந்த வேலையை யார் செய்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் உண்டா? பத்து புத்தே கிராமத்தில் 'கோப்பெல்' என்ற கூட்டுறவு இருக்கிறது. ஆற்றங்கரை மக்களான ஒராங் சுங்கை மக்களே அதை நடத்துகிறார்கள். சுக்காவ் கிராமத்தில் வேலை செய்யும் 'ஹுத்தான்' அமைப்பில் கிராமத்துப் பெண்கள் சம்பளத்துக்கு மரம் நடுகிறார்கள், பராமரிக்கிறார்கள். இப்படி ஊர்க்காரர்கள் வருடம் முழுக்கச் செய்கிற வேலைக்கு நீங்கள் ஒரு வாரம் கை கொடுத்தால் அது பயன். உங்களுக்காகவே உருவாக்கிய வேலை என்றால் போகாதீர்கள். ஒரே குழியில் மாதாமாதம் வேறு வேறு குழு கன்று வைக்கிற இடங்களும் உலகத்தில் உண்டு.

ஐடி ஊழியர், சென்னை: நடுவது, களையெடுப்பது தவிர வேறு வேலை என்ன கிடைக்கும்?

நாற்றங்காலில் பை நிரப்புவது, பாதை, படித்துறை சரிசெய்வது. எனக்குப் பிடித்தது துங்கோக் ஏரியில் சால்வீனியா அள்ளும் வேலை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மிதக்கும் களை அது; விட்டால் தண்ணீரே தெரியாமல் மூடிவிடும், அடியில் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் போகும். படகில் இருந்து அள்ளிக் கரையில் குவிக்க வேண்டும். முதுகு வலிக்கும், நாற்றமடிக்கும். சாயங்காலம் நீங்கள் திறந்துவிட்ட தண்ணீரைக் கண்ணால் பார்க்கலாம்.

பள்ளி ஆசிரியை, திருச்சி: ஒராங் ஊத்தான் குட்டிகளைப் பராமரிக்கும் பணி வேண்டும். கையில் தூக்கிப் படம் எடுக்க ஆசை.

குட்டியைத் தூக்கக் கொடுக்கிற இடம் எதுவாக இருந்தாலும் அங்கே போக வேண்டாம். நம்முடைய சாதாரணச் சளி அவற்றுக்குப் பெரிய நோயாகிவிடும். மனிதரிடம் ஒட்டிப் பழகிய குட்டி காட்டுக்குத் திரும்பவும் கஷ்டப்படும். 1964இல் தொடங்கிய செப்பிலோக் மறுவாழ்வு மையத்தில் பார்வையாளர்கள் தள்ளி நின்றுதான் பார்க்க முடியும், அதுதான் சரி.

கினபாத்தாங்கானில் விடியற்காலைப் படகில் காட்டு ஒராங் ஊத்தானைப் பார்க்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு இரவும் கிளைகளை வளைத்துப் புதுக் கூடு கட்டித் தூங்கும் விலங்கு அது. விலங்கு கண்ணில் படாவிட்டாலும் கூடு பார்த்துவிடலாம். மாலையில் ஆற்றோர மரங்களில் தும்பிக்கைக் குரங்குகள் வந்து உட்காரும்.

வங்கி ஊழியர், சிங்கப்பூர்: அட்டையை நினைத்தாலே பயம். என்ன செய்வது?

கடிக்கும். அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளுக்கு அது தினசரி விஷயம். தரையில் இருக்கும் பழுப்பு அட்டை கடித்தால் தெரியாது. இலை நுனியில் காத்திருக்கும் வரி அட்டை கடித்தால் சுருக்கென்று தெரியும். முழங்கால் வரை வரும் நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையைப் போட்டு, கால்சட்டையை அதற்குள் செருகுங்கள். ஏறிவிட்டால் நெருப்பு, உப்பு எல்லாம் வேண்டாம். வாய்ப் பக்கத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், அது உறையாமல் இருக்க அட்டை விடும் பொருளின் வேலை. சோப்புப் போட்டுக் கழுவிப் பிளாஸ்திரி ஒட்டினால் போதும்.

ஒரு அம்மா, ஈப்போ: மகனுக்கு 17 வயது, பள்ளித் தோழர்களோடு வருகிறான். மலேரியா இருக்கிறதாமே?

அட்டையைவிட இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன், அக்கா. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகை மலேரியா 2018 முதல் மலேசியாவுக்குள் பரவியதாகப் பதிவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா சபாவில் இருக்கிறது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், அதனால் நோய் வேகமாக முற்றும். மாத்திரை தேவையா என்பதைப் பயண மருத்துவர் சொல்லட்டும். சாயங்காலத்துக்கு மேல் முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, வலை மூன்றும் கட்டாயம்.

இன்னொன்று எலிக்காய்ச்சல். 2000இல் சபாவில் நடந்த ஈகோ சாலஞ்ச் சாகசப் பந்தயத்தில் சேகாமா ஆற்றில் நீந்திய வீரர்கள் பலர் ஊர் திரும்பிய பிறகு அந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். எல்லாரும் நல்ல உடற்கட்டு உள்ளவர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் மகனைச் சேற்று நீரில் இறங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். வீடு திரும்பிய பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், "போர்னியோ காட்டில் இருந்தேன்" என்பதுதான் மருத்துவரிடம் அவன் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

அரசு ஊழியர், வயது 52, மதுரை: கினபாலு ஏற எனக்கு முடியுமா? மலை ஏறிப் பழக்கமில்லை.

முடியும் ஐயா, இரண்டு மூன்று மாதம் பயிற்சி எடுத்தால். பாறை ஏறும் வித்தை தேவையில்லை. திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், பெரும்பாலும் படி, மேலே பனாலபான் தங்குமிடம் 3,272 மீட்டர். முதல் நாள் அவ்வளவுதான். இரவு இரண்டு மணிக்குத் தலைவிளக்கோடு கிளம்பி, வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறி, 3,668 மீட்டரில் உள்ள சாயாட் சாயாட் சாவடியைக் குறித்த நேரத்துக்குள் தாண்ட வேண்டும். தாமதமானால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 4,095 மீட்டர் உச்சியில் விடியலைப் பார்க்கலாம்.

எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆளை முடக்குவது இறக்கம். உச்சியிலிருந்து திம்போஹோன் வரை 2,200 மீட்டருக்கு மேல் ஒரே நாளில் இறங்குகிறோம். ஆகவே அலுவலகத்தில் மாடிப்படி ஏறுவதோடு இறங்கியும் பழகுங்கள், முதுகில் பையோடு. இதயம், சர்க்கரை, ரத்த அழுத்தம் எதற்காவது மருந்து எடுத்தால் மருத்துவர் சம்மதம் வேண்டும். மேலே தலைவலியும் குமட்டலும் கூடிக்கொண்டே போனால் ஒரே மருந்து இறங்குவதுதான். அந்த நேரத்தில் "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று யாரும் சொல்லக்கூடாது, குழுத் தலைவர் உட்பட.

பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்: 2015இல் அங்கே நிலநடுக்கம் நடந்ததே, இப்போது பாதுகாப்பா?

2015 ஜூன் 5, காலை. அளவு 6.0. பாறைகள் சரிந்து 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர்ப் பள்ளிக் குழந்தைகளும் மலை வழிகாட்டிகளும் அதில் உண்டு. மேலே மாட்டிக்கொண்டவர்களைக் கீழே கொண்டுவந்ததில் உள்ளூர் வழிகாட்டிகளின் பங்கு பெரியது. அதன் பிறகு மெசிலாவ் என்ற இன்னொரு மலையேற்றப் பாதையை மூடிவிட்டார்கள். நிலநடுக்கத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது தம்பி, அதனால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது. அவர் நில் என்றால் நிற்க வேண்டும்.

சபாவின் பூர்வகுடிகளான கடசான்-டூசுன் மக்களுக்கு இந்த மலை முன்னோர்களின் ஆவி தங்கும் இடம், புனிதமானது. மேலே கூச்சல் போடுவது, சட்டையைக் கழற்றிப் படம் எடுப்பது எல்லாம் அவர்கள் மனதை நோகடிக்கும்.

இல்லத்தரசி, சேலம்: சுத்த சைவம். பட்டினியா?

இல்லை. சோறு, கீரை, காட்டுப் பெரணிக் கொழுந்து, டோஃபு, தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி) எல்லாம் கிடைக்கும். ஆனால் சம்பலிலும் கீரையிலும்கூட பெலாச்சான் போடுவார்கள், அது இறால் விழுது. "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது, "பெலாச்சான், இக்கான் பிலிஸ் (நெத்திலி) இரண்டும் வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கையில் இருந்தால் மலையில் நிம்மதி.

கல்லூரி மாணவர், சேலம்: கிராமப் பள்ளியில் நான்கு நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாமா?

வேண்டாம். அங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பாடத்திட்டம் இருக்கிறது. பிள்ளைகளோடு சாயங்காலம் பந்து விளையாடுங்கள், பெற்றோர் முன்னிலையில்.

பயணக் குழு ஒருங்கிணைப்பாளர், கிள்ளான்: மலை முதலிலா, காடு முதலிலா? எந்த மாதம் நல்லது?

என் வழக்கம் காடு முதலில். மலை இறங்கிய பிறகு இரண்டு மூன்று நாள் தொடை பிடித்துக்கொள்ளும், குனிந்து களையெடுக்க முடியாது. அதோடு, சேற்றில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் மலையில் ஒருவருக்கொருவர் காத்திருக்கக் கற்றிருப்பார்கள். யாருக்காவது காய்ச்சல் லேசாக இருந்தாலும் அவரை மலை ஏற்ற வேண்டாம். மாதம் என்றால் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை. வடகிழக்குப் பருவமழையில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, ஆறு கரை ஏறும். மலையில் படுக்கை எண்ணிக்கை குறைவு, அதனால் முதலில் அதைப் பதிவு செய்துவிட்டு மற்றத் தேதிகளை அமையுங்கள். தீபகற்பத்திலிருந்து வரும் மலேசியர்கள் மைகாட் அடையாள அட்டையை மறக்க வேண்டாம், சபாவில் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு.

கல்லூரி மாணவி, பினாங்கு: விலை உயர்ந்த மலையேற்றக் காலணி வாங்க வேண்டுமா அக்கா?

காட்டுக்கு வேண்டாம். 'அடிடாஸ் கம்போங்' என்று எல்லாரும் சொல்கிற கறுப்பு ரப்பர் காலணி மலேசியாவில் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். முனை முனையாக அடிப்பாகம், சேற்றில் வழுக்காது, கழுவினால் உடனே காயும். மலை வழிகாட்டிகளே அதைப் போட்டு ஏறுகிறார்கள். உங்கள் அளவைவிட ஒரு எண் பெரிதாக வாங்கித் தடித்த காலுறையோடு போடுங்கள். இறங்கும்போது கால் நகம் முன்னால் இடிக்காமல் இருக்க அதுதான் வழி. கிளம்புவதற்கு முந்தைய நாள் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.