பால்வாடியா, எல்கேஜியா? ஏற்காட்டுப் பெற்றோர் கேட்டவை

ஏற்காட்டு மலையில் 26 வருடம் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சந்தைக்குக் காய் வாங்கப் போனாலும் பிள்ளைகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சமீபத்தில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

டீச்சரம்மா, பால்வாடியில் சோறு போட்டுத் தூங்க வைப்பதைத் தவிர என்ன நடக்கிறது? பையனுக்கு மூணு வயசு ஆகியும் ‘அ’ எழுதத் தெரியலைங்க. (காபித் தோட்டத்தில் வேலை செய்யும் தாய்)

மூணு வயசில் எழுத வேண்டாம் கண்ணு. விரலில் அந்த வலு இன்னும் வரவில்லை. அரசுப் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. நான் ஒரு முறத்தில் காபிக்கொட்டையையும் புளியங்கொட்டையையும் கலந்து வைப்பேன். பிள்ளைகள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொறுக்கிப் பிரிக்கும். பென்சில் பிடிக்க வேண்டிய பிடி அதுதான். எண்ணுவதும் அதிலேயே வந்துவிடும். (மூக்குக்குள் போட்டுக்கொள்ளாமல் ஆயா கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கணும். ஒருத்தன் போட்டுக்கொண்டு என் உயிரையே எடுத்துவிட்டான்.)

அதற்காக எல்லா மையமும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். டீச்சர் பணியிடம் காலியாகி, பக்கத்து ஊர் டீச்சரே இரண்டு மையத்தையும் பார்க்கும் இடத்தில் சோறு மட்டும்தான் நடக்கும். காலை பதினோரு மணிக்குச் சொல்லாமல் போய் எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தால் தைரியமாக விடலாம். சுவரோரம் வரிசையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தால் யோசியுங்கள். மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிறார்களா என்றும் கேளுங்கள்.

வாரத்துக்கு எத்தனை முட்டை?

இரண்டு வயதுக்கு மேல் மூன்று.

அரசுப் பள்ளியிலேயே எல்கேஜி இருக்கிறதாமே?

இருக்கிறது, எல்லா ஊரிலும் இல்லை. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் தொடங்கினார்கள். 2022-ல் நிறுத்தப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் தொடர்ந்தார்கள். உங்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஒதுக்கும் 25 சதவீத இடத்தில், ஏற்காட்டுப் பெரிய பள்ளியில் இலவசமாகச் சேர்க்கலாமா அக்கா?

ஆசைப்பட்டு ஏமாறாதீர்கள். இங்கே பழைய பெரிய பள்ளிகள் கிறித்தவ சபைகள் நடத்துபவை. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. மற்ற தனியார் பள்ளி பக்கத்தில் இருந்தால் முயற்சி செய்யலாம். நலிவடைந்த பிரிவில் கேட்பதென்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்கணும். வருமானச் சான்று, பிறப்புச் சான்று இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் இ-சேவை மையத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும்.

சேலத்துக்கு வேனில் அனுப்பலாமா?

நாலு வயசுப் பிள்ளையை, தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கி ஏற்றவா? வாந்தி எடுத்தே பாதி இளைத்துவிடும். வேண்டாம்.

முதல் நாளிலேயே கதறுகிறாள் டீச்சர். நிறுத்திவிடவா?

ஒரு வாரம் பொறுங்கள். வாசலில் மறைந்து நின்று எட்டிப் பார்க்காதீர்கள், அதுதான் அழுகையை நீட்டும். “வேலைக்குப் போயிட்டு வரேன்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பாமல் நடங்கள். சத்துமாவு உருண்டை பிடிக்க ஆயா கூப்பிட்டதும் பாதி அழுகை நின்றுவிடும்.