ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கில் சிப்ஸ் ஏன் கருகுகிறது?

கேள்வி: வீட்டிலேயே சிப்ஸ் போட்டு விற்கிறேன். முளை விடாமல் இருக்கட்டும் என்று உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தேன். இப்போது எண்ணெயில் போட்டதுமே பழுப்பேறி ஓரம் கருகுகிறது, லேசாகத் தித்திக்கவும் செய்கிறது. எண்ணெயை மாற்றிப் பார்த்தும் அப்படியேதான். கிழங்கு கெட்டுப்போச்சா?

பதில்: கெடவில்லை. எண்ணெய் மேலும் தப்பில்லை, குளிர்தான் காரணம்.

தோண்டி எடுத்த கிழங்குக்கும் உயிர் உண்டு. அதன் செல்லில் மாவுச்சத்தும் சர்க்கரையும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அமைலோபிளாஸ்ட் என்ற அறையில் மாவுச்சத்து மணிமணியாகச் சேர்ந்திருக்கும். வெப்பநிலை ஏழெட்டு டிகிரிக்குக் கீழே போனதும் அந்த மணிகள் கரையத் தொடங்கும். கரைந்தது சைட்டோபிளாசம் என்ற, செல்லுக்குள் நிறைந்திருக்கும் கூழுக்கு வந்து சுக்ரோஸாகிறது. அதாவது நாம் காபியில் போடும் அதே சர்க்கரை. அதுவரைக்கும் பெரிய பாதகமில்லை, சுக்ரோஸ் நேரடியாக நிறம் ஏற்றாது. அந்தச் சுக்ரோஸ் வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் போன பிறகுதான் வினையே. குளிரில் அங்கே இன்வெர்டேஸ் என்ற நொதி பெருகி, சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. சூடான எண்ணெயில் இந்த இரண்டும் அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பு நிறத்தையும் கசப்பையும் தருகின்றன. அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் இதே வழியில்தான் உண்டாகிறது, அதனால் கருகியதை விற்காதீர்கள்.

இன்வெர்டேஸ்தான் முக்கியக் குற்றவாளி என்பதற்குச் சாட்சி உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவை அடக்கி வளர்த்த கிழங்குகளைக் குளிரில் வைத்தும் சிப்ஸ் வெளிர் நிறத்தில் வந்தது. 2010-இல் வெளியான ஆய்வு அது.

சரி, கையில் இருக்கும் கிழங்கை என்ன செய்வது? வெளியே எடுத்து, 15 முதல் 20 டிகிரியில், வெளிச்சம் படாமல், சாக்கில் காற்றாட இரண்டு மூன்று வாரம் வையுங்கள். சர்க்கரையில் ஒரு பங்கைக் கிழங்கு மூச்சுவிட்டே செலவழிக்கும், இன்னொரு பங்கை மறுபடி மாவுச்சத்தாக்கும். முழுதும் திரும்பிவிடாது. ரொம்பப் பழைய கிழங்கென்றால் எதிர்பார்க்காதீர்கள், முதுமையில் ஏறிய தித்திப்பு இறங்காது. சீவியதை வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் மேலே உள்ள சர்க்கரைதான் போகும். கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டெடுத்து, ஈரம் போக உலர்த்திப் பொரிப்பது மேல்.

இனி வாங்கும்போது குளிர்பதனக் கிடங்கில் கிடந்ததா என்று கேளுங்கள். சமையலுக்கான கிழங்கை அங்கே 2 முதல் 4 டிகிரியில் வைப்பது வழக்கம். சிப்ஸுக்கென்றே சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா ரகங்கள் இருக்கின்றன, கிடைத்தால் விடாதீர்கள். எந்த மூட்டையானாலும் நாலு கிழங்கை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வில்லை பொரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.