வலிக்காத காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: வாசகர் கேள்வி – பதில்

தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் இருக்கும் வாசகர்களிடமிருந்து கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில், முதுமையில் பாதங்களுக்கு வரும் தொல்லைகளைப் பற்றியவையே மிகுதி. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருத்துவமனை ஒன்றின் நீரிழிவுப் பாத சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பழக்கத்தால், சில இடங்களில் கண்டிப்பாகப் பேசியிருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 66. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை பார்த்தேன். சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாகப் பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது. போன வாரம் ஒரு செருப்பு வழியில் கழன்று விழுந்ததை அறியாமலே வீடு வரை வந்துவிட்டேன். வலி எதுவும் இல்லை. இரவில் சுடுநீரில் கால் வைத்தால் உணர்வு திரும்பும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். செய்யலாமா? (ஒரு வாசகர், குலசேகரம்)

பதில்: செய்யக் கூடாது. ஏற்கெனவே தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். செருப்பு கழன்றதை உணராத கால், நீரின் சூட்டையும் உணராது. கொப்புளம் எழுந்து தோல் உரிந்த பிறகுதான் நீர் அவ்வளவு சூடாக இருந்தது என்பதே தெரியவரும். அப்படி வெந்த கால்களுடன் வந்தவர்களுக்கு மாதக்கணக்கில் கட்டுப் போட்டிருக்கிறேன். தவிட்டு ஒத்தடம், சுடுநீர்ப் பை, அடுப்பங்கரையில் கால் நீட்டிக் குளிர் காய்வது ஆகியவையும் உங்களுக்கு ஆகாதவையே.

வலி இல்லை என்பதை நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடிதத்தில் மிகுந்த கவலை தந்த வரி அதுதான். சில ஆண்டுகளுக்கு முன், உங்களைப் போலவே பால்வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவர் மாத்திரை வாங்குவதற்காக எங்கள் பிரிவுக்கு வந்தார். காலில் ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, வழக்கம்போலச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். இடது செருப்பு கழன்றது. வலது செருப்பு காலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ரப்பர் மரத்தில் பால் வடியும் சிரட்டையைத் தாங்கும் கம்பியின் துண்டு ஒன்று, செருப்பைத் துளைத்துக்கொண்டு பெருவிரலுக்குக் கீழே உள்ள சதைக்குள் புகுந்திருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. உடன் வந்திருந்த மகள்தான், "மூன்று நாளாகத் திண்ணையில் சிவப்பாகக் கறை கிடந்தது சிஸ்டர், அப்பா வெற்றிலை துப்பியதாக நினைத்துக் கழுவிவிட்டேன்" என்றார்.

நீண்ட நாள் கட்டுப்படாத சர்க்கரை முதலில் தாக்குவது, உடம்பிலேயே மிக நீளமான நரம்புகளின் நுனியை. அந்த நுனி கால் விரல்களில் இருக்கிறது. எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மரத்துப்போதல் என்று அது படிப்படியாக மேலேறும். வலி போய்விட்டால் பாதத்துக்குக் காவல் போய்விட்டது என்று பொருள். இதை நம் தமிழ்நாட்டு ஊர் ஒன்றிலிருந்தே உலகம் கற்றுக்கொண்டது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளிடையே பணியாற்றினார். அவர்களுடைய விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் கவனிக்கப்படாமல் விடப்பட்ட காயங்களும் தீப்புண்களுமே விரல்களைத் தின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். தொழுநோய்க்காரர்களுக்காகப் பயன்பட்ட மென்மையான எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்புத்தான் இன்று நம் ஊர்களில் நீரிழிவு நோயாளிகளுக்கும் எழுதித் தரப்படுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சென்று பாத உணர்வுப் பரிசோதனை செய்துகொள்வது. 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். பாதத்தின் மேல் நாடி பிடித்துப் பார்த்து இரத்த ஓட்டத்தை அறிவார்கள். இவற்றுள் எதுவும் வலிக்காது, அதிக நேரமும் ஆகாது. சர்க்கரை உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இது செய்யப்பட வேண்டும். உணர்வு குறைந்துவிட்ட உங்களைப் போன்றவர்கள் இன்னும் அடிக்கடி செல்ல வேண்டியிருக்கும்.

வீட்டில் உங்கள் வேலை, பாதங்களைக் கவனித்துப் பார்ப்பது மட்டுமே. இரவு படுக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் மேற்புறம், அடிப்புறம், குதிகால், விரல் இடுக்குகள் எல்லாவற்றையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் பாதத்தைக் காட்டுங்கள். பார்வையும் மங்கியிருந்தால் வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். செருப்போ ஷூவோ அணியும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். தோட்டத்திலும் முற்றத்திலும் மட்டுமன்றி வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்வார் உள்ள செருப்பாக இருந்தால் அது வழியில் கழன்று விழாது. சிவப்போ, கொப்புளமோ, வெடிப்போ கண்ணில் பட்டு ஒரு நாளில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். சீழ், நாற்றம், கறுத்த நிறம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே செல்லுங்கள்.

கேள்வி: நான் பதினெட்டு ஆண்டுகளாக மாலை போட்டுச் சபரிமலை சென்று வருகிறேன். இப்போது வயது 68. சர்க்கரையும் உண்டு. விரத நாட்களில் செருப்பு அணிவதில்லை. இந்த ஆண்டு மகன் தடுக்கிறான். (ஒரு வாசகர், செங்கோட்டை)

பதில்: புளியரை வழியாக ஆரியங்காவுக்குச் செல்லும் சாலையில், கார்த்திகை பிறந்ததும் கறுப்பு வேட்டியுடன் வெறுங்காலில் நடக்கும் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான், ஆகையால் உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மகன் பக்கம்தான் பேச வேண்டியிருக்கிறது, அதுவும் பாதி அளவுக்கு. மலைக்குப் போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பம்பையிலிருந்து சன்னிதானம் வரை ஏறும் சுமார் 5 கிலோமீட்டரைவிட, அதற்கு முந்தைய 41 நாட்கள்தாம் உங்கள் காலுக்கு ஆபத்தானவை. மலையில் காலைப் பார்த்துப் பார்த்து வைப்பீர்கள். ஊரில் கடைக்கும் வயலுக்கும் நடக்கும்போது யார் பார்க்கிறார்கள்? மதிய வெயிலில் தார்ச்சாலை, அடுத்த நாள் மழையில் ஊறிய மண், இடையில் ஒரு கண்ணாடிச் சில்லு என்று ஒன்றரை மாதம் போகும்.

மாலை போடுவதற்கு முன் மேலே சொன்ன உணர்வுப் பரிசோதனையையும் நாடிப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருந்து, பாதத்தில் வெடிப்போ புண்ணோ இல்லாவிட்டால், மருத்துவர் ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் செய்யுங்கள். உணர்வு குறைந்திருந்தால் வெறுங்கால் வேண்டவே வேண்டாம். குருசாமியிடம் உடல்நிலையை மறைக்காமல் சொல்லிக் காலணிக்கு ஒப்புதல் பெறுங்கள். உயிருக்கும் காலுக்கும் கேடு வரும் என்று தெரிந்த பிறகு தடுக்கும் குருசாமியை நான் இதுவரை கண்டதில்லை. ஏற முடியாதவர்களுக்குப் பம்பையில் டோலி இருக்கிறது. ஒருவேளை உணவென்று விரதம் இருப்பவர், மாத்திரையையும் இன்சுலினையும் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 74. கால் நகங்கள் மஞ்சளாகித் தடித்துக் கொம்பு போல வளைந்துவிட்டன. அவரால் குனிய முடியவில்லை. நான் வெட்டப் போனால் நகவெட்டிக்குள் நகம் நுழைவதே இல்லை. மருதாணி வைத்தால் சரியாகுமா? (ஒரு வாசகி, பாறசாலை)

பதில்: மருதாணி நிறத்தை மறைக்கும், அடியில் நடப்பதையும் சேர்த்து மறைத்துவிடும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம். வயது ஏற ஏற நகம் மெதுவாக வளர்ந்து தடிப்பது இயல்பு. மஞ்சள் நிறமும் பொடிப்பொடியாக உதிர்வதும் சேர்ந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நகத் துணுக்கைச் சோதித்து உறுதி செய்த பிறகே மருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில் இதற்கான மாத்திரைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும். கல்லீரல் நிலையையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கால் பெருவிரல் நகம் முழுவதும் புதிதாக வளர 12 முதல் 18 மாதங்கள் வரை ஆகும். எனவே இரண்டு மாதத்தில் அழகாகவில்லையே என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

வெட்டுவதற்கு ஏற்ற நேரம் குளித்து முடித்த உடனே. அப்போது நகம் ஊறி இளகியிருக்கும். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நீங்கள் தாழ்வான முக்காலியில் அமர்ந்து, அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அரம் கொண்டு நகத்தின் மேற்புறத்தைத் தேய்த்து மெல்லியதாக்குங்கள். பிறகு ஒரே வெட்டில் முடிக்க முயலாமல், சிறிது சிறிதாக, நேர்கோட்டில் வெட்டுங்கள். ஓரங்களைத் தோண்டி வளைத்து வெட்டுவதுதான் நகம் சதைக்குள் புதைந்து சீழ் பிடிப்பதற்குக் காரணமாகிறது. மாமியாருக்குச் சர்க்கரையோ இரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் இந்த முயற்சியே வேண்டாம். மருத்துவமனையில் வெட்டிவிடச் சொல்லுங்கள். விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக் கூடாது என்று உங்கள் மாமியார் தடுத்தால், எந்தக் காரணத்துக்காகச் சொன்னாலும் அதற்குக் கீழ்ப்படியுங்கள். மங்கிய வெளிச்சத்தில் வெட்டப்பட்ட விரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மழைக்காலம் முழுவதும் விரல் இடுக்கில் சேற்றுப்புண், குதிகாலிலோ பித்தவெடிப்பு. இரண்டுக்கும் தேங்காய் எண்ணெயே தடவுகிறேன். ஒன்று ஆறினால் மற்றொன்று கூடுகிறது. (ஒரு வாசகி, வண்டிப்பெரியார்)

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. குதிகாலுக்கு ஈரம் போதவில்லை. விரல் இடுக்குக்கு ஈரம் கூடிவிட்டது. வயதானால் தோலில் ஈரப்பசை குறைந்து, உடல் எடை அழுத்தும் குதிகாலின் ஓரம் பிளக்கிறது. அங்கே குளித்ததும் ஈரம் முழுவதும் காயும் முன் தேங்காய் எண்ணெயோ, வாசலினோ, யூரியா கலந்த களிம்போ தடவி, பருத்திக் காலுறை அணிந்து படுங்கள். அந்தக் காலுறையுடன் எழுந்து நடக்க வேண்டாம், தரையில் வழுக்கும். பிளேடால் சீவ வேண்டாம். வெடிப்பிலிருந்து இரத்தம் கசிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விரல் இடுக்கில் எண்ணெய் ஒரு துளியும் படக் கூடாது. ஒவ்வொரு இடுக்கையும் மெல்லிய பழைய வேட்டித் துணியால் ஒற்றி உலர்த்தி, பூஞ்சைக்கான களிம்பை மட்டும் தடவுங்கள். புண் மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை தொடருங்கள். பாதியில் விட்டால் அடுத்த மழைக்கு அது திரும்பி வரும். நனைந்த ரப்பர் பூட்ஸை மறுநாளும் அப்படியே மாட்டிக்கொள்ளாமல், இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காயவிட முடிந்தால் நல்லது.

கேள்வி: ஐம்பது வயது வரை எனக்கு 7ஆம் எண் செருப்பு சரியாக இருந்தது. இப்போது 8 கூட இறுக்கமாக இருக்கிறது. வயதான பிறகு கால் வளருமா? (ஒரு வாசகர், களியக்காவிளை)

பதில்: எலும்பு வளர்வதில்லை. பாதத்தின் 26 எலும்புகளையும் இழுத்துக் கட்டியிருக்கும் தசைநார்கள் தளர்வதால், வளைவு தாழ்ந்து பாதம் நீண்டு அகல்கிறது. பழைய எண்ணைச் சொல்லி வாங்காமல், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குச் சென்று, நின்றபடி இரண்டு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கு ஏற்றதை வாங்குங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும். போகப் போக இளகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மாலையானால் கால் வீங்குகிறது. கவலைப்பட வேண்டுமா? (ஒரு வாசகி, தென்காசி)

பதில்: இரண்டு கால்களும் ஒன்றுபோல் வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிடுமானால், நெடுநேரம் நின்றதாலோ, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததாலோ, சில இரத்த அழுத்த மாத்திரைகளாலோ இருக்கலாம், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். காலையிலும் வடியாமல் முகமும் உப்பினால், அல்லது படுத்தால் மூச்சு வாங்கினால், இதயத்தையும் சிறுநீரகத்தையும் விரைவில் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால், இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்தக் காலை நீவிவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.