கேம் வார்டன் ஆவதற்கு உயிரியல் பட்டம் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த என் மகள் அங்கே கல்லூரியில் உயிரியல் முதலாண்டு படிக்கிறாள். விலங்குகள் மீதுள்ள ஆசையால் கேம் வார்டன் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். அந்த வேலை எப்படிப்பட்டது?

பதில்: பெயரை வைத்து இதை விலங்குகளைப் பராமரிக்கும் வேலை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கேம் வார்டன் என்பவர் வேட்டை விதிகளை மக்கள் மீறாமல் பார்த்துக்கொள்ளும், துப்பாக்கி ஏந்திய, கைது செய்யும் அதிகாரமுள்ள ஒரு காவல் அலுவலர். அவருடைய பணி நேரத்தின் பெரும்பகுதி மனிதர்களோடுதான் கழிகிறது. எந்த விலங்கை, எந்தப் பருவத்தில், எந்த ஆயுதத்தால், ஒரு நாளைக்கு எத்தனை வேட்டையாடலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்திருக்கிறது. வலசைப் பறவைகளுக்கு இவற்றோடு 1918ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மத்திய அரசின் சட்டமும் பொருந்தும்.

வாத்து வேட்டைக் காலத்தை எடுத்துக்கொள்வோம். விடியுமுன்பே சதுப்பு நிலத்துக்குச் சென்று காத்திருக்கும் வார்டன், வேட்டைக்காரரின் மாநில உரிமத்தையும், 16 வயது நிரம்பியவர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய மத்திய அரசின் வாத்து முத்திரை (duck stamp) என்ற அனுமதி வில்லையையும் சரிபார்ப்பார். துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் நிரப்ப முடியாதபடி அடைப்பு வைக்கப்பட்டிருக்கிறதா, நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ள ஈயக் குண்டுகள் எவரிடமாவது இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு, சுடப்பட்ட பறவைகளை இனம் பிரித்து எண்ணுவார். மல்லார்டு வாத்தில் பெட்டைகளுக்குத் தனி வரம்பு உண்டு என்பதால், நனைந்து குலைந்த இறகுகளைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தங்கள் மகளின் படிப்பு கைகொடுக்கும் இடம் இது.

இரவு வேலை வேறு வகையானது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கொளியில் மான்களைத் திகைக்க வைத்துச் சுடுவோரைப் பிடிப்பதற்காகத் தலையையும் வாலையும் அசைக்கும் இயந்திர மானை நிறுத்திவைத்து வார்டன்கள் மறைந்திருப்பதுண்டு. செத்த மான் கிடைத்தால் அதன் உடல் வெப்பத்தையும் கண்ணின் நிலையையும் கொண்டு, அது சுடப்பட்ட நேரத்தைக் கணிக்கிறார்கள். கள்ள வேட்டைப் பொருள் மாநில எல்லையைத் தாண்டினால், 1900ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது மத்திய அரசுக் குற்றமாகிவிடும். படகுப் பாதுகாப்பு, மது அருந்திப் படகு ஓட்டுவோரைத் தடுத்தல், காட்டில் வழி தவறியவர்களைத் தேடுதல், ஊருக்குள் நுழைந்த கரடியை அகற்றுதல் ஆகியவையும் பல மாநிலங்களில் இவர்கள் பொறுப்பில் வருகின்றன.

கேள்வி: இதற்கு என்ன கல்வித் தகுதி வேண்டும்? உயிரியல் பட்டம் கட்டாயமா?

பதில்: மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுகிறது. டெக்சாஸ் மாநிலம் நீண்ட காலமாக ஏதேனும் ஒரு துறையில் இளநிலைப் பட்டத்தைக் கேட்டு வந்திருக்கிறது. கலிபோர்னியாவில் பட்டம் இல்லாவிட்டாலும், கல்லூரியில் 60 செமஸ்டர் அலகுகள் (கிரெடிட்) முடித்து, அவற்றுள் 18 அலகுகளாவது உயிரியல், காவல் அறிவியல், இயற்கை வளப் பாதுகாப்பு போன்ற பாடங்களில் பெற்றிருந்தால் போதும் என்ற விதி உண்டு. ஆகவே உயிரியலோடு குற்றவியல் நீதி தொடர்பான சில பாடங்களையும் சேர்த்துப் படிப்பது நல்லது. இரண்டில் ஒன்றை மட்டும் தெரிந்தவர்களைவிட இரண்டும் தெரிந்தவர்களுக்கே இந்த வேலை எளிதாகப் பிடிபடும் என்பது என் கருத்து.

படிப்பைக் காட்டிலும் பலரை வடிகட்டுவது அதற்குப் பின் வரும் கட்டங்கள்தாம். உடல்திறன் தேர்வு, மருத்துவ மற்றும் உளவியல் பரிசோதனை, போதைப்பொருள் சோதனை ஆகியவற்றோடு, பழைய அண்டை வீட்டாரிடம்கூட விசாரிக்கும் பின்னணி ஆய்வும் நடக்கும். அதன் பிறகு பயிற்சிக் கழகத்தில் பல மாதங்கள் தங்கிப் பயில வேண்டும். பயிற்சி முடிந்தவர்களை எந்த மாவட்டத்தில் இடம் காலியாக இருக்கிறதோ அங்கே அனுப்பிவிடுவார்கள் என்பதால், சொந்த ஊருக்கு அருகில் இருக்க விரும்புவோர் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசின் மீன் மற்றும் வனவிலங்குத் துறையில், வனவிலங்குக் குற்றங்களை விசாரிக்கும் சிறப்பு முகவராக (special agent) விரும்பினால், குடியுரிமை கட்டாயம். பொதுவாக 37 வயதை எட்டுமுன் பணியில் சேர்ந்துவிடவும் வேண்டும்.

கேள்வி: வாரண்ட் இல்லாமல் தனியார் நிலத்துக்குள் இவர்கள் நுழையலாம் என்பது உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மை. திறந்த வெளிகளுக்கு, நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் தரும் பாதுகாப்பு இல்லை என்று 1924இல் ஹெஸ்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. வீட்டுக்கும் அதை ஒட்டிய முற்றத்துக்கும் இது பொருந்தாது. அங்கே நுழைய வாரண்ட் வேண்டும். சில மாநிலங்கள் தம் அரசியலமைப்பின்படி நில உரிமையாளருக்கு இதைவிடக் கூடுதலான பாதுகாப்பை அளிக்கின்றன.

கேள்வி: ஆபத்தான வேலையா? ஒரு பெண் தனியாகச் செய்ய முடியுமா?

பதில்: பெண்கள் இப்பணியில் இருக்கிறார்கள், உடல்திறன் தேர்வில் தேறினால் தடையேதும் இல்லை. ஆனால் ஆபத்தை மறைக்கக் கூடாது. வார்டன் சந்திப்போரில் பெரும்பாலோர் கையில் ஆயுதம் இருக்கும், அவரோ பெரும்பாலும் தனியாக இருப்பார், உதவி வந்து சேர வெகுநேரம் ஆகலாம். புளோரிடாவில் கொக்குகளை இறகுக்காகக் கொன்றவர்களைத் தடுக்கப் போன கை பிராட்லி என்ற வார்டன் 1905இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தங்கள் மகள் முடிவெடுக்குமுன், தன் மாநிலத்தின் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து பார்க்கட்டும்; அனுமதி உள்ள இடங்களில் வார்டனின் வண்டியில் உடன் செல்லவும் விண்ணப்பிக்கலாம். அந்நியரை நிறுத்திக் கேள்வி கேட்பதும், அபராதம் விதிப்பதும், நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதும் தனக்கு ஒத்துவராது என்று அப்போது தோன்றினால், அதே துறையில் உள்ள வனவிலங்கு உயிரியலாளர் பதவிக்கு அவள் இப்போது படிக்கும் பாடமே நேரடியான தகுதியாக இருக்கும்.