நடை சாத்துவதற்கு முன்: டெல்டா பயணம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: பொங்கல் விடுமுறைக்கு என் தம்பி சென்னையிலிருந்து மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் கும்பகோணத்திலுள்ள எங்கள் வீட்டிற்கு வருகிறார். முழங்கால் வலியுள்ள 74 வயதுத் தந்தையாரையும் சேர்த்து நாங்கள் ஏழு பேர். கங்கைகொண்டசோழபுரம், தஞ்சாவூர், திருவாரூர், நாகூர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, கொடியக்கரை ஆகிய எல்லாவற்றையும் மூன்று நாட்களில் பார்த்துவிட இயலுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இயலும். ஆனால் அவற்றில் பாதியை வண்டியின் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்திருப்பீர்கள். டெல்டாவில் ஊர்களுக்கு இடையேயுள்ள தூரத்தைவிடக் கோயில் நடை சாத்தும் நேரமே பயணத்தைத் தீர்மானிக்கிறது. பெரும்பாலான கோயில்களில் நண்பகல் 12 மணி அல்லது 12.30 மணிக்குச் சாத்திய நடை மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர்களை அழைத்துக்கொண்டு 12.20 மணிக்குத் திருவாரூர் போய்ச் சேர்ந்த நான், பிற்பகல் முழுவதும் கமலாலயக் குளத்தின் படியில் உட்கார்ந்து, 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்று பெரியோர் சொன்னதில் குளத்தின் ஐந்து வேலியை மட்டும் நன்றாக அளந்துவிட்டு வந்தேன். ஆகவே நாளொன்றுக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு கோயிலும், நண்பகலில் கூரையுள்ள ஓர் இடமும், மாலையில் இன்னொரு கோயிலும் போதும்.

முதல் நாள் வடக்கே செல்லுங்கள். கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் இருக்கும் கங்கைகொண்டசோழபுரத்திற்குக் காலை எட்டு மணிக்குள் சென்றுவிட்டால், முதலாம் இராசேந்திரன் எழுப்பிய அந்தக் கோயிலின் புல்வெளியில் பிள்ளைகள் ஓடலாம். சண்டேசுவரருக்குச் சிவபெருமான் தம் கையால் பூச்சூட்டும் சிற்பத்தையும் சிங்கக் கிணற்றையும் பெரியவர்கள் நிதானமாகப் பார்க்கலாம். திரும்பும் வழியில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள அணைக்கரையில் கால் மணி நேரம் நில்லுங்கள். அது 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. வீட்டில் உண்டு ஓய்வெடுத்த பின்பு மாலையில் தாராசுரம் செல்லுங்கள். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலின் தேர் மண்டபத்தில் குதிரைகளும் சக்கரமும் மாலை வெயிலில்தான் உயிர் பெறுகின்றன. நடக்க வேண்டிய தூரம் குறைவு என்பதால் உங்கள் தந்தையாருக்கும் ஏற்ற கோயில் அது.

இரண்டாம் நாள் தஞ்சாவூர். 1010-இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த பெருவுடையார் கோயிலின் கற்றளத்தில் வெறுங்காலுடன் நடக்க வேண்டியிருப்பதால், வெயில் ஏறிய பிறகு அங்கே நிற்பது முழங்கால் நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் தண்டனை. பத்து மணிக்குள் பார்த்துவிட்டு, வெயில் நேரத்தில் அரண்மனைக்குள் சென்றுவிடுங்கள். அங்குள்ள கலைக்கூடத்தின் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கும் சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகத்திற்கும் இரண்டு மணி நேரம் தாராளமாகத் தேவை. மாட்டுப் பொங்கலன்று பெரிய நந்திக்குக் காய்களாலும் கனிகளாலும் இனிப்புகளாலும் செய்யப்படும் அலங்காரம் காணத்தக்கதே; ஆனால் அன்றைய நெரிசலுக்குள் உங்கள் தந்தையாரை அழைத்துச் செல்ல வேண்டாம்.

திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டுவிட்டுத் திருவையாறு வழியாக வாருங்கள். தஞ்சையிலிருந்து அந்த ஊருக்குள்ள சுமார் 12 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்களைக் கடக்கிறோம். ஒவ்வொரு பாலத்திலும் ஆற்றின் பெயரைப் பிள்ளைகளைச் சொல்லவையுங்கள். அங்கிருந்து சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் வரும் ஆற்றோரச் சாலை அழகானது, குறுகலானதும்கூட. பொழுது சாய்வதற்குள் கடந்துவிடுங்கள்.

மூன்றாம் நாளுக்குத் தரங்கம்பாடியைச் சொல்வேன். திருவாரூர், நாகூர், வேளாங்கண்ணி, கொடியக்கரை ஆகியவை தம்பியின் அடுத்த விடுமுறைக்கு இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பிள்ளைகள் "இன்னொரு கோயிலா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டனர். கோயில் அல்லாத இடங்கள் டெல்டாவில் உண்டா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்தே தொடங்குவோம். தஞ்சாவூர்ச் சாலையில் இருக்கும் வடுவூர் ஏரி பறவைகள் சரணாலயம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம் பெற்றது. குளிர்காலத்தில் விடியற்காலையில் தொலைநோக்கியுடன் சென்றால் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் கடினமாக இருக்கும்.

தெற்கே முத்துப்பேட்டை. வனத்துறையின் ஏற்பாட்டில் படகில் ஏறி அலையாத்திக் காட்டிற்குள் சென்று காயலைப் பார்க்கலாம். படகு கிடைக்குமா என்பதை முதல் நாளே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். அதே கடற்கரையில் தென்மேற்காகச் சென்றால் மல்லிப்பட்டினத்தை அடுத்து மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய கோபுரம் அது. ஐரோப்பாவில் நடந்த ஒரு போருக்கு நம் கடற்கரையில் எதற்காகக் கோபுரம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கினால் தஞ்சை மராட்டியரின் கடைசிக் கால வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

கொடியக்கரைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வேதாரண்யத்தைத் தாண்டியதும் சாலையோரத்தில் உப்பளங்கள் தென்படும். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் உப்பு எடுத்த மண் இதுதான் என்று வண்டியை நிறுத்திச் சொல்ல வேண்டிய இடம் அது. வனத்திற்குள் வெளிமான் கூட்டங்களை ஆண்டு முழுவதும் காணலாம். பூநாரைகளைக் காண நவம்பர் முதல் சனவரி வரை ஏற்ற காலம். இராமர் பாதம் இருக்கும் மேட்டில் ஏறினால் காடும் சதுப்பும் ஒரே பார்வையில் விரியும். காட்டிற்குள் உணவகத்தை எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீரும் உணவும் கையோடு இருக்கட்டும். குப்பையையும் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள்.

தரங்கம்பாடியை மேலே குறிப்பிட்டேன். 1620-இல் டேனியர் கட்டிய கோட்டை, அதற்குள் அருங்காட்சியகம், எதிரே கடல். 1706-இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்றுக்கொண்டு, விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டார். அவர் எழுப்பிய, 1718-ஆம் ஆண்டைச் சேர்ந்த தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. 1845-இல் டேனியர் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். கடல் அரித்துத் தின்ற மாசிலாமணிநாதர் கோயிலின் எஞ்சிய பகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது கோயிலாயிற்றே என்று அவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள். அங்கிருந்து வடக்கே பூம்புகாருக்கும் போகலாம். ஆனால் அங்கே கடலில் இறங்கிக் குளிக்க விடாதீர்கள்.

கேள்வி: ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் சொந்தக் காரில் ஒரே நாளில் முடிக்க முடியுமா? (வாசகர், புதுக்கோட்டை)

பதில்: அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து இதற்கென்றே ஒரு நாள் சிறப்புப் பேருந்தைத் தொடங்கியது, எனவே முடியாது என்று சொல்வதற்கில்லை. காரில் நீங்களே ஓட்டிச் செல்வதானால், அதிகாலை முதல் இரவு வரை வாகனம் ஓட்டுபவருக்கு ஒன்பது வாகன நிறுத்துமிடங்களின் தரிசனம் மட்டுமே கிடைக்கும். இரண்டு நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். திங்களூர், ஆலங்குடி, திருநாகேசுவரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் ஆகியவை முதல் நாளுக்கு. வைத்தீசுவரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு ஆகியவை மறுநாளுக்கு. சனிக்கிழமையில் திருநள்ளாற்றையும், வியாழக்கிழமையில் ஆலங்குடியையும், ஞாயிறு மாலை இராகுகாலத்தில் திருநாகேசுவரத்தையும் தவிர்த்தால் வரிசையில் நிற்கும் நேரம் பெரிதும் குறையும். கிழமைதான் முக்கியம் என்று வேண்டிக்கொண்டவர்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது.

கேள்வி: இத்தகைய பயணங்களுக்காக ஏழு பேர் அமரும் கார் வாங்க விரும்புகிறோம். எர்டிகா, காரன்ஸ், டிரைபர், இன்னோவா ஆகியவற்றுள் எது நல்லது? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஐந்து முறை, முறைக்கு 200 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 1,000 கிலோமீட்டர்தான். அதற்காக மட்டுமே பெரிய காரை வாங்கினால், ஆண்டின் மற்ற நாட்களில் காப்பீட்டுத் தொகையைக் கட்டிக்கொண்டு அதைத் துடைத்து வைத்திருப்பீர்கள். அன்றாடம் நால்வர் செல்லும் வீட்டிற்குச் சிறிய காரே போதும். ஏழு பேர் கூடும் நாளில் வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாம். தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று அன்றாடமே ஆறேழு பேர் இருக்கும் வீடாயின், வாங்குவதில் தவறில்லை.

இன்னோவா கிறிஸ்டா நீண்ட தூரத்திற்கு அலுப்புத் தராத வண்டிதான். ஆனால் அதன் அகலம் 1,830 மில்லிமீட்டர். எர்டிகாவின் அகலம் 1,735. ஒரு சாண்கூட இல்லாத இந்த வேறுபாடு, ஒரு பக்கம் ஆறும் மறு பக்கம் வாய்க்காலும் உள்ள கரைச் சாலையில் எதிரே பேருந்து வரும்போது மிகப் பெரிதாகத் தோன்றும். மேலும் இன்னோவாவின் தளம் உயரமாக இருப்பதால், மூட்டு வலியுள்ளவர்கள் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார்கள்.

எர்டிகாவில் ஏறுவது எளிது. ஏழு இருக்கைகளையும் விரித்த நிலையில் டிக்கியின் கொள்ளளவு 209 லிட்டர்தான். சிஎன்ஜி வகையில் எரிவாயு உருளை அந்த இடத்தையும் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். எரிபொருள் செலவு குறையும் என்று சிஎன்ஜி வாங்கியவர்கள், பைகளை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். காரன்ஸ் நீளம் கூடியது, 4,540 மில்லிமீட்டர். பின் வரிசையில் பெரியவர்கள் ஓரளவு வசதியாக அமரலாம். டிரைபர் நான்கு மீட்டருக்குள் அடங்குவதால் நெருக்கமான தெருக்களில் நிறுத்துவதற்குத் தோதானது. மூன்றாவது வரிசையைக் கழற்றி வைத்துவிடலாம் என்பது அதன் தனிச் சிறப்பு. ஆயினும் அதன் ஒரு லிட்டர் எஞ்சின் ஏழு பேரையும் ஏசியையும் சேர்த்து இழுக்கும்போது முந்திச் செல்லும் ஆசையை விட்டுவிட வேண்டும். அன்றாடம் ஐவர், எப்போதாவது எழுவர் என்ற வீட்டிற்கே அதைப் பரிந்துரைப்பேன். உங்கள் வீட்டில் எப்போதும் ஆறு பேர் என்றால் என் தெரிவு காரன்ஸ்.

விற்பனைக் கூடத்திற்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள். வீட்டிலுள்ள மூத்தவரையும், மூன்றாம் வரிசையில் உட்காரப் போகிறவரையும் அழைத்துச் சென்று, கதவைத் திறந்து ஏறி, கால் மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். பின் வரிசைக்குத் தனிக் குளிர்காற்று வருகிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் அது இல்லாத வண்டி பயன்படாது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையிலோ குளோபல் என்கேப் சோதனையிலோ அந்த வண்டி பெற்ற நட்சத்திரங்களை விற்பனையாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: தெரிந்தவரின் சொந்தக் காரைக் குறைந்த வாடகைக்கு எடுத்துச் செல்லலாமா? (வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: வேண்டாம். வெள்ளை எண் பலகையுள்ள வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். மஞ்சள் பலகை வண்டியையே எடுங்கள். வாடகை நாள் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா, ஓட்டுநர் பேட்டாவும் சுங்கக் கட்டணமும் யாருடையவை என்பதைப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இருப்பதால், வாடகை வண்டிக்கு அங்கே செல்ல அனுமதி உள்ளதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஆற்றில் தண்ணீர் ஓடும்போது கல்லணையைக் காண எந்த மாதம் வரலாம்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12-இல் திறக்கப்படும்; நீர் இருப்பு குறைந்த ஆண்டுகளில் தள்ளிப்போகும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரச் சில நாட்களாகும். ஆகவே ஆடிப்பெருக்கை ஒட்டிய வாரங்களில் வந்தால், கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் அந்த அணையில் ஆற்று நீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிவதைப் பார்க்கலாம். பதினெட்டாம் பெருக்கன்றே வருவதானால் வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடக்க ஆயத்தமாக வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரப் பயணத்தை மழை எச்சரிக்கையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும். அப்போது கிராமச் சாலைகளின் பாதி அகலத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். மறு பாதியில் அறுவடை இயந்திரம் வரும். நெல்லின் மீது வண்டியை ஏற்றாமல் காத்திருங்கள். சாலையில் பரப்பிய வைக்கோலின் மேல் ஓட்ட நேர்ந்தால், சற்றுத் தள்ளி நிறுத்தி வண்டியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். சிக்கிய வைக்கோல் சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும்.

கேள்வி: வழியில் எங்கே சாப்பிடுவது? (பலர்)

பதில்: காலைக்கு வீட்டு இட்லியும் மதியத்திற்குப் புளியோதரையும் கட்டிக்கொண்டு செல்வதையே நான் விரும்புகிறேன், நண்பகலில் நடை சாத்தியிருக்கும் நேரம் அதற்கென்றே அமைந்தது. 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பலகை கும்பகோணத்திற்கு உள்ளே இருப்பதைவிட நெடுஞ்சாலையோரங்களில்தான் மிகுதி. பித்தளை டவராவைக் கண்டு ஏமாறாமல், கூட்டமுள்ள கடையாகப் பார்த்துக் குடியுங்கள். திருவையாறு வழியாகத் திரும்புகிறவர்கள் பாசிப்பருப்பில் செய்த அசோகா அல்வாவைச் சூடாக வாங்கி அங்கேயே உண்ணுங்கள். வீட்டிற்கு என்று கட்டி வாங்கியது இதுவரை எங்கள் வண்டியில் சுவாமிமலையைத் தாண்டியதில்லை.