வண்டி கேள்வி பதில்: பலகை ஏற்றிய இடத்தில் பிள்ளைகள்

கேள்வி: நான் தச்சு வேலை செய்பவன். ஒற்றை கேபின் பிக்கப் வைத்திருக்கிறேன். மூத்தவளுக்கு 4 வயது, இளையவனுக்கு 8 மாதம். எல்லோருமாக ஓர் இடத்துக்குப் போக முடிவதில்லை. முழங்கால் வலியுள்ள மாமியாரும் எங்களோடு இருக்கிறார். பிக்கப்பைக் கொடுத்துவிட்டு ஏழு பேர் அமரும் எஸ்யூவி வாங்கலாமா? இரட்டை கேபின் பிக்கப்பாக மாற்றிக்கொண்டாலே போதுமா? மாதத்தில் நான்கைந்து நாள் பிளைவுட் ஏற்றுவேன்; கருவிகள் தினமும் வண்டியில்தான் இருக்கும்.

பதில்: தம்பி, இளையவனை முன் இருக்கையில் வைத்து ஓட்டுகிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையை, இயங்கும் ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரிந்தால் அந்த இருக்கையின் முதுகில்தான் அறையும். குழந்தையின் தலை இருப்பது அங்கேதான். சாவியால் ஏர்பேக்கை நிறுத்திவைக்கும் வசதி சில வண்டிகளில் உண்டு, கையேட்டைப் பாருங்கள். குழந்தை இருக்கைகளுக்கான, ஐ-சைஸ் எனப்படும் ஐ.நா. விதி 129, குழந்தை 15 மாதத்தைத் தாண்டும் வரையாவது பின்னோக்கியே உட்காரவேண்டும் என்கிறது. உங்கள் ஒற்றை கேபினிலோ பின் இருக்கையே இல்லை. ஆகவே வண்டியை மாற்றத்தான் வேண்டும். எந்த வண்டி என்பதில்தான் உங்களோடு கொஞ்சம் சண்டை போடப்போகிறேன்.

இரட்டை கேபினை முதலில் தள்ளிவிடுகிறேன். அதன் சரக்குத் தொட்டி பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் நீளம்தான். உங்கள் எட்டடிப் பலகை 2.44 மீட்டர், முக்கால் மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பின் இருக்கையின் முதுகும் பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும். தவிர, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் சுமையை எண்ணிப் போடப்பட்டவை. காலி வண்டியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடுவதை நீங்களே அறிவீர்கள். அந்த வண்டியின் பின் இருக்கையில் உங்கள் மாமியாரை உட்கார வைக்கப்போகிறீர்களா?

ஏழு பேர் எஸ்யூவி விஷயத்தில் நானே சூடுபட்டவன். 30 ஆண்டுகள் பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன், மகள் குடும்பத்துக்காக ஒன்றை வாங்கினேன். கடைசி வரிசையைப் பார்த்தேன், இருக்கைகளை எண்ணினேன், தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து இரண்டாவது வரிசையில் குழந்தை இருக்கையைப் பொருத்திய பிறகுதான் உறைத்தது: அது இருக்கும்வரை அந்த இருக்கையை மடிக்க முடியாது, மடிக்காமல் அந்தப் பக்கமாகக் கடைசி வரிசைக்குப் போகவும் முடியாது. கடைசி வரிசையை விரித்தால் பின்னால் குழந்தையின் தள்ளுவண்டியைச் செருக இடமில்லை. ஏழு பேர் என்பது விளம்பரப் படத்தில்.

நீங்கள் பார்க்கவேண்டியது பக்கவாட்டில் நகரும் கதவுள்ள மினிவேன். தளம் தாழ்ந்திருக்கும், அத்தை காலைத் தூக்கி ஏறவேண்டாம், திரும்பி உட்கார்ந்தால் போதும். மிகச் சில மாடல்களில் பின் இருக்கைகளை மடித்தாலோ கழற்றினாலோ எட்டுக்கு நாலு பலகை படுத்தே போகும். வாங்குமுன் நாடாவோடு போய் சக்கர வளைவுகளுக்கு நடுவே அளந்துவிடுங்கள். 122 சென்டிமீட்டர் வேண்டும். அளப்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை.

கூரை மேல் கட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குடும்ப வண்டிகளின் கூரைச் சுமை வரம்பு பொதுவாக 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும், கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். 18 மில்லிமீட்டர் பலகை ஒன்றே பெரும்பாலும் 30 கிலோ அளவில் இருக்கும். மூன்று பலகையில் கணக்கு முடிந்துவிடும். காற்று வேறு அதை இறக்கைபோலத் தூக்கப் பார்க்கும். மாதம் நான்கைந்து நாள்தானே? அன்றைக்கு மட்டும் வாடகை வண்டி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மரக்கடையிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள்.

எனக்குப் பலகையைவிடக் கவலை உங்கள் கருவிப் பெட்டியைப் பற்றித்தான். இதுவரை உங்களுக்கும் ரம்பத்துக்கும் நடுவே கேபினின் இரும்புச் சுவர் இருந்தது. குடும்ப வண்டியில் அந்தச் சுவர் கிடையாது. திடீரென்று பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும், பெட்டி நிற்காது. ஒருமுறை முட்டிக்கொண்டு வந்த வண்டியைச் சரிசெய்யத் திறந்தேன். பின்னால் கிடந்த ஜாக்கி, ஓட்டுநர் இருக்கையின் முதுகில் முழுதாக அச்சுப் பதித்திருந்தது. ஆகவே சரக்கையும் இருக்கையையும் பிரிக்கும் இரும்பு வலைத்தடுப்பு பொருத்துங்கள். கனமான பெட்டியைத் தரையில், இருக்கையின் முதுகை ஒட்டிவைத்து, கொக்கிகளில் வாரால் இறுக்குங்கள். தின்னர், வார்னிஷ், பசை டப்பாக்கள் வண்டிக்குள் வரவே கூடாது. திறந்த தொட்டியில் காற்றோடு போன ஆவி, மூடிய வண்டியில் பிள்ளைகளின் மூக்குக்குள் போகும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

வாங்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். இரண்டு குழந்தை இருக்கைகள், தள்ளுவண்டி, மாமியார், கருவிப் பெட்டி, எல்லாவற்றையும் கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

கேள்வி: பழைய பிக்கப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் நல்ல விலை தருவதாக விற்பனையகத்தில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பழையதற்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்காதீர்கள், கையிலிருந்து எவ்வளவு போடவேண்டும் என்று கேளுங்கள். பழைய வண்டியின் விலையை ஏற்றிக் காட்டி, புதியதன் தள்ளுபடியைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவது பழைய வித்தை. எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் புதியதன் விலையைத் தனியாக எழுதி வாங்குங்கள். வெளியே இரண்டு பேரிடம் பழையதன் விலையைக் கேளுங்கள். பிறகு கழித்துப் பாருங்கள். கடன் பாக்கி இருந்தால் அதை யார், என்றைக்குக் கட்டுவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். உரிமை மாறிவிட்டதற்கான சான்று கைக்கு வரும்வரை விடாதீர்கள்; உங்கள் பெயரிலேயே ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். தொட்டி மூடியையும் இழுவைக் கொக்கியையும் தனியாக விற்கமுடியுமா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: பிக்கப்பை விற்க என் கணவருக்கு மனமே வரவில்லை. எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

பதில்: நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள், அம்மா. அடுத்த மழை நாளில் இரண்டு பிள்ளைகளையும் அவரையே ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டு, குடையோடு வாசலில் நில்லுங்கள்.