பை மக்கும், பசை மக்குமா?

கேள்வி: வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறேன். பிளாஸ்டிக் பையை விட்டு மக்கும் பைக்கு மாறிவிட்டேன். அதன்மேல் ஒட்டும் ஸ்டிக்கரும் மக்கும் வகையாக இருக்க வேண்டும் என்று அச்சகத்தார் கூடுதல் விலை சொல்கிறார். காகித ஸ்டிக்கர் தானாகவே மக்கிவிடாதா? ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் அதையே ஒட்டலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: காகிதம் மக்கும், ஆனால் ஸ்டிக்கர் வெறும் காகிதமன்று. அடியில் பசை, மேலே மை, பல நேரங்களில் எண்ணெய் படாமலிருக்க அதற்கும் மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் என அடுக்கடுக்காக அமைந்தது. வழக்கமான அக்ரிலிக் பசை எளிதில் மக்குவதில்லை. உங்களிடம் உள்ள ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள்; நார் நாராகப் பிரிந்தால் படலமில்லை, கண்ணாடி போன்ற தோல் இழுபட்டு வந்தால் படலம் இருக்கிறது. எங்கள் வீட்டு உரப்பானையைக் கிளறியபோது ஆப்பிள் தோல் போன இடம் தெரியவில்லை. அதில் ஒட்டியிருந்த சிறு ஸ்டிக்கரிலோ எண்கள்கூட அழியவில்லை.

ஆகவே அச்சகத்தார் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் 'மக்கும்' என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். காகிதம், பசை, மை மூன்றுக்கும் சேர்த்து ஐ.எஸ்.ஓ. 17088 அல்லது ஐரோப்பிய இ.என். 13432 தரச் சான்று உண்டா என்று கேளுங்கள். இரண்டாவது தரத்தின்படி, 12 வாரங்களுக்குப் பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. ஆறு மாதங்களுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். இந்தச் சோதனை சுமார் 58 டிகிரி வெப்பத்தில், பெரிய உர ஆலையின் சூழலை ஒட்டி நடப்பது. பால்கனியில் வைத்திருக்கும் பானைக்குள் அந்தச் சூடு நிலைப்பதில்லை என்பதால், வீட்டு உரத்துக்கென்று தனிச் சான்று இல்லாத ஸ்டிக்கரை 'வீட்டிலேயே மக்கும்' என்று அச்சிட்டு விற்பது சரியாகாது. பையைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி அதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும்; விற்றவரிடம் அதன் நகலையும் வாங்கி வையுங்கள்.

ஸ்டிக்கரை உரித்தபின் கையில் நிற்கும் வழவழப்பான தாளில் பெரும்பாலும் சிலிக்கோன் பூச்சு இருக்கும். அதை ஈரக் கழிவில் போட வேண்டாம்.

சிறு அளவில் விற்பவருக்கு என் யோசனை, பையின்மீதே நேரடியாக அச்சிட்டுவிடுவது. பசை என்ற பேச்சுக்கே இடமிராது. மைதாப் பசை மலிவுதான், ஆனால் ஈரம் பட்டால் கழன்றுவிடும்; உணவுப் பொட்டலத்தின் லேபிள் பிரிந்து போகக் கூடாது என்பது விதி.

ஊறுகாய்ப் பாட்டிலுக்கு இந்தச் செலவே வேண்டாம். கண்ணாடி உரக்குழிக்குப் போவதில்லை, கழுவி மறுபடி பயன்படுத்தப்படுகிறது. அதற்குத் தேவை, வெந்நீரில் ஊறினால் பிசுபிசுப்பின்றிக் கழன்று வரும் பசை. அச்சகத்தாரிடம் அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.